ரவுட்டர் டேபிளுக்கு பாக்ஸ் ஜாயிண்ட் ஜிக்: எதை வாங்கலாம், எதை நாமே செய்துகொள்ளலாம்

பெட்டியின் மூலையில் இரண்டு பலகைகளின் விரல்கள் ஒன்றின் காடிக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் மூட்டுதான் பாக்ஸ் ஜாயிண்ட். மேஜைக்கு அடியில் ரவுட்டரை மாட்டி, அதன் சுழலும் வெட்டுமுனையான பிட்டை மேலே நீட்டவிட்டால் அது ரவுட்டர் டேபிள்; அதன்மேல் பலகையைப் பிடித்துச் சரியான இடத்தில் வெட்டவைக்கும் சாதனம் ஜிக். பாக்ஸ் ஜாயிண்ட் ஜிக் எந்தக் கம்பெனியுடையதானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். பிட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டை நிற்கும்; அதுதான் கீ. பலகையின் ஓரத்தைக் கீயில் முட்டவைத்து முதல் காடியை வெட்டுகிறோம். வெட்டிய காடியைக் கீயின்மேல் இறக்கி அடுத்த காடியை வெட்டுகிறோம். பலகை முடியும்வரை இதே வேலை. கீக்கும் பிட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி விரலின் அகலம் ஆகிறது. பிட் வெட்டும் அகலம் காடியின் அகலம் ஆகிறது. விரல் காடியைவிட 0.05 முதல் 0.1 மி.மீ. குறைவாக இருந்தால் மூலை கையால் அழுத்தினாலே சேரும், பசைக்கும் இடம் இருக்கும். விரல் 0.1 மி.மீ. கூடினால் கொட்டாப்புளி தேவைப்படும். தண்ணீர்ப் பசை பட்டு மரம் ஊறியதும் அதுவும் உதவாது. 0.3 மி.மீ. குறைந்தாலோ எவ்வளவு பசை வைத்தாலும் மூலையில் கோடு கோடாக இடைவெளி தெரியும்.

ஆகவே ஒரு ஜிக்கைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது: இந்த இடைவெளியை 0.05 மி.மீ. அளவுக்கு நுணுக்கி நகர்த்த முடியுமா? நகர்த்திய இடத்தில் அது அசையாமல் நிற்குமா? ஒட்டியிருக்கும் அளவுகோல், அலுமினியச் சட்டம், கூட வரும் உதிரிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எந்தத் தவறு எங்கே போய்ச் சேரும்

இடைவெளித் தவறும் ஆட்டமும் வேறு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் நல்ல ஜிக்கைக் குறை சொல்லி ஒதுக்குகிறார்கள்.

1/4 அங்குல பிட்டை எடுத்துக்கொள்வோம். காடி 6.35, விரல் 6.35, இரண்டும் சேர்ந்து ஒரு படி 12.7 மி.மீ. இடைவெளி 0.1 மி.மீ. குறைவாக அமைந்துவிட்டால் ஒவ்வொரு படியும் 12.6 ஆகும். ஆறு அங்குல அகலப் பலகையில் 12 காடி வரும்; கடைசியில் 1.2 மி.மீ. தள்ளிப்போயிருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் மூட்டுக்கு இதனால் கெடுதல் இல்லை. எதிர்ப்பலகையும் அதே ஜிக்கில் அதே அளவு தள்ளிப்போயிருப்பதால் இரண்டும் கோத்துக்கொள்ளும். மேல் ஓரத்தில் உள்ள கடைசி விரல் மட்டும் மெலிந்தோ தடித்தோ நிற்கும். பலகையை முதலிலேயே 10 மி.மீ. அகலம் கூட்டி அறுத்து, மூட்டு வெட்டிய பிறகு மேல் ஓரத்தைச் சீவிவிட்டால் அந்தக் குறையும் போய்விடும்.

ஆட்டம் அப்படியல்ல. காடியைவிடக் கீ 0.1 மி.மீ. மெலிந்திருக்கிறது, ஒரு பலகையை வெட்டும்போது இடப்பக்கம் சாய்த்து அழுத்துகிறீர்கள், அடுத்ததை வலப்பக்கம் சாய்த்து. ஒன்று படிக்குப் படி விலகிப்போகும், மற்றது போகாது. முதல் நான்கைந்து விரல்கள் அழகாகச் சேர்ந்து, அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்று நிற்கும் மூட்டு இதன் அடையாளம். இடைவெளியை எவ்வளவு திருத்தினாலும் இது சரியாகாது. கீயை மாற்ற வேண்டும், அல்லது எப்போதும் ஒரே பக்கம் அழுத்த வேண்டும்.

எந்தப் பக்கம் அழுத்துவது என்பதை ரவுட்டரே சொல்லிவிடுகிறது. டேபிளில் தலைகீழாக மாட்டிய ரவுட்டரின் பிட், மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். நம்மிடமிருந்து விலகும் திசையில் பலகையைத் தள்ளும்போது வெட்டும் விளிம்பு மரத்தை வலப்பக்கமாக இழுக்கும். கீ பிட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் அந்த இழுப்பே பலகையைக் கீயோடு சேர்த்து அழுத்திவிடும். இன்னொரு நன்மையும் உண்டு: பலகையின் ஓரமும் சரி, பிறகு காடியின் சுவரும் சரி, இரண்டும் கீயின் இடப்பக்கத்திலேயே முட்டுவதால் கீ ஒரு மயிரிழை மெலிந்திருந்தாலும் விரலின் அளவு மாறாது. கீ இடப்பக்கம் உள்ள ஜிக்கில் பலகை கீயை விட்டு விலகப் பார்க்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கிளாம்ப் போட்டே ஆகவேண்டும். மேஜை ரம்பத்துக்கென்று வடிவமைத்த ஜிக்கை ரவுட்டர் டேபிளுக்கு வாங்குபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

ராக்லர் வகை: சொந்த அடிப்பலகையோடு வரும் ஸ்லெட்

ராக்லர் கம்பெனியின் ரவுட்டர் டேபிள் பாக்ஸ் ஜாயிண்ட் ஜிக், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். அடிப்பலகையும், வெட்டும் பலகையைத் தாங்கி அதன்மேல் ஓடும் ஸ்லெட்டும் கொண்டது. 1/4, 3/8, 1/2 அங்குலத்துக்கு மூன்று கீ கூடவே வரும். அடிப்பலகையை டேபிளில் கிளாம்ப் போட்டுவிடலாம். டேபிளின் மேற்பரப்பில் ஜிக் ஓடுவதற்கென்று வெட்டியிருக்கும் நீளப் பள்ளம், அதாவது மைட்டர் ஸ்லாட், தேவையில்லை. ஸ்லாட் இல்லாத சிறிய டேபிள், ஸ்லாட் அளவு ஒத்துவராத டேபிள் வைத்திருப்பவர்களுக்கு இதுவே பெரிய காரணம். ஸ்லெட் அடிப்பலகையின் இரு ஓரத்தையும் கவ்வி ஓடுவதால் பக்கவாட்டு ஆட்டமும் குறைவு.

இவ்வகை ஜிக்குகளின் பலவீனம் நகர்த்தும் முறையில் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் குமிழைத் தளர்த்தி, கையால் தள்ளி, மறுபடி முடுக்க வேண்டும். முடுக்கும்போதே ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். இதற்கு எளிய மருந்து உண்டு. நகரும் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு கட்டையை நிறுத்தமாகக் கிளாம்ப் செய்து, நடுவே மூன்று தாள் செருகி வையுங்கள். சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. ஒரு தாளை எடுத்தாலோ சேர்த்தாலோ எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று: அடிப்பலகையின் கனம் பிட்டின் உயரத்தைத் தின்னும். 12 மி.மீ. பலகைக்கு வெட்டும் நீளம் 12 போதாது. அடிப்பலகையின் கனத்தையும் கூட்டிப் பார்த்து பிட் வாங்க வேண்டும்.

மூன்று அளவுக்கு மேல் தேவைப்படாதவர்களுக்கு இது போதும். 6 மி.மீ., 8 மி.மீ. பிட் வைத்திருப்பவர்களுக்கு உதவாது, கூட வரும் கீ எதுவும் பொருந்தாது.

இன்க்ரா ஐ-பாக்ஸ்

மேஜை ரம்பத்திலும் ரவுட்டர் டேபிளிலும் ஓடக்கூடியது. இதன் கீ ஒரே கட்டை அல்ல. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு உலோக விரல்கள். திருகைச் சுற்றினால் அவை விரிந்தோ சுருங்கியோ கீயின் அகலத்தை மாற்றும், அதே அசைவில் பிட்டுக்கும் கீக்கும் உள்ள இடைவெளியும் அதே அளவு மாறும். ஒருமுறை சரிபார்த்து அமைத்துவிட்டால், அடுத்த பிட்டுக்கு ஒரு துண்டில் காடி வெட்டி, அதில் இரண்டு விரல்களும் ஆட்டமில்லாமல் அடைக்கும்வரை திருகினால் போதும். இடைவெளி தானாக வந்து நிற்கும். 1/4 அங்குலம் என்று விற்கும் பிட் உண்மையில் 6.30 வெட்டினாலும், கூர்தீட்டிய பிட் 6.1 வெட்டினாலும் இதற்குக் கவலையில்லை. அதனால்தான் பல அளவில் பெட்டி செய்பவர்களுக்கு இதையே தயங்காமல் சொல்லலாம்.

இதன் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். 3/4 அங்குல அகல மைட்டர் ஸ்லாட் கட்டாயம். ஸ்லாட்டுக்குள் ஓடும் பாரை விரித்து ஆட்டத்தை எடுக்கலாம் என்பது நல்லதுதான். ஆனால் ஸ்லாட்டே ஓர் இடத்தில் அகன்றும் ஓர் இடத்தில் குறுகியும் இருந்தால் எதுவும் செய்ய முடியாது. உடம்பு அகலமானது, சிறிய டேபிளில் இரு பக்கமும் தாங்கல் இல்லாமல் தொங்கும். 400 மி.மீ.க்கு மேல் நீளமான பலகையை நிமிர்த்தி நிறுத்த, உயரமான துணைப்பலகை ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பலகைக்குப் பின்னால் நின்று நார் கிழியாமல் தாங்கும் பின்பலகை எம்.டி.எஃப்., மாற்றக்கூடியது. அதை மாற்றாமல் ஓட்டுவதே இந்த ஜிக்கின்மேல் வரும் பாதிப் புகார்களுக்குக் காரணம்.

வார்ப்புரு வகை

லீ கம்பெனியின் ஆர்.டி.ஜே.400 போன்றவை வேறு வழியில் வேலை செய்கின்றன. இங்கே கீ கிடையாது. துல்லியமாகக் கடைந்த பற்கள் கொண்ட வார்ப்புருவில் பலகையை இறுக்கி, வார்ப்புருவோடு சேர்த்து டேபிள்மேல் நகர்த்தி வெட்டுகிறோம். படிக்குப் படி பிழை சேர இடமே இல்லை. 16 அங்குல அகலம்வரை பலகை பிடிக்கும், புறாவால் வடிவ டவ்டெயில் மூட்டும் வெட்டலாம். ஒரே அளவில் இருபது இழுப்பறை செய்ய வேண்டியிருந்தால் கீ வகை ஜிக்குகள் இதன் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. லீயின் வார்ப்புருக்களோடு வரும் இபுஷ் என்ற நீள்வட்ட வழிகாட்டி வளையம் அருமையான யோசனை: வளையத்தைக் கொஞ்சம் திருப்பிவைத்தால் மூட்டின் இறுக்கம் மயிரிழை அளவில் மாறும். ஆனால் விரலின் அளவும் படியும் வார்ப்புருவில் உள்ளதுதான். பெட்டியின் உயரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியது நாம்தான்.

ஃபென்ஸை, அதாவது பலகை சாய்ந்து நிற்கும் தடுப்பையே, நுண்திருகால் நகர்த்தும் பொசிஷனர் வகையும் உண்டு. பாக்ஸ் ஜாயிண்ட்டுக்காக மட்டும் அதை வாங்குவது வீண்.

நாமே செய்துகொள்வது

ஒரே ஓர் அளவு போதும் என்பவர்கள் எதையும் வாங்க வேண்டாம். மைட்டர் ஸ்லாட்டில் ஓடும் தள்ளுபிடியான மைட்டர் கேஜில் 18 மி.மீ. பிளைவுட் ஒன்றை, 400 மி.மீ. நீளம், 150 மி.மீ. உயரத்தில், இரண்டு போல்ட்டால் பிடிக்கவும்; இதுதான் ஃபென்ஸ். போல்ட் துளைகள் நீள்துளையாக இருக்க வேண்டும், நகர்த்தல் அங்கேதான். பிட்டைப் பலகைக் கனத்துக்கு ஏற்றி பிளைவுட்டில் ஒரு காடி வெட்டவும். அந்தக் காடியில் இறுக்கமாகப் போய் உட்காரும் கெட்டி மரக் குச்சி ஒன்றை இழைத்து 80 மி.மீ. நீளம் எடுத்து, ஒரு முனையைக் காடிக்குள் ஒட்டி மீதியை முன்னால் நீட்டிவிட்டால் கீ தயார். மரத்துக்குப் பதில் பித்தளைப் பட்டை போட்டால் தேயாது. கீயின் கீழ்ப்பக்கத்தை அரை மி.மீ. தூக்கிவைத்தால் ஸ்லெட் தடையில்லாமல் ஓடும். பிறகு ஃபென்ஸை வலப்பக்கம் நகர்த்தினால் கீ பிட்டைவிட்டு விலகும்.

நுண்திருகு வேண்டுமானால் மைட்டர் கேஜின் பக்கத்தில் ஒரு சிறு கோணத் தகட்டைப் பிடித்து, அதன் வழியாக ஒரு எம்6 போல்ட்டை விட்டு ஃபென்ஸின் முனையை அழுத்தும்படி செய்யலாம். எம்6 மரையின் படி 1 மி.மீ. எனவே எட்டில் ஒரு சுற்று 0.125 மி.மீ. நகர்த்தும், பதினாறில் ஒரு சுற்று 0.06. இதைவிட நுணுக்கம் மரவேலைக்குத் தேவையில்லை. விலைக்கு வரும் பல ஜிக்குகளில் இந்த ஒரு போல்ட் இல்லை.

ரம்பத்தோடு ஒப்பிட்டால் ரவுட்டர் டேபிளில் ஒரு சலுகை உண்டு. பிட் உருண்டை என்பதால் மைட்டர் ஸ்லாட் பிட்டுக்கு இணையாக இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. ஃபென்ஸ் டேபிளுக்கு 90 டிகிரி, ஓடும் திசைக்கு 90 டிகிரி; மூலமட்டத்தை வைத்து இந்த இரண்டையும் பார்த்தால் முடிந்தது. இரண்டாவது தவறினால் காடி பலகையின் கனத்துக்குள் சாய்ந்துபோகும், பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

பிட்

ஜிக்கைவிட மூட்டின் அழகை அதிகம் தீர்மானிப்பது பிட்தான். விளிம்பு சுருளாக ஓடும் திடக் கார்பைடு ஸ்பைரல் பிட்டில் அப்கட் வகையை வாங்குங்கள். டேபிளில் தலைகீழாக இருக்கும்போது அது தூளைக் கீழே இழுக்கும், பலகையையும் டேபிளோடு சேர்த்துப் பிடிக்கும். எதிர்த்திசையில் சுருண்ட டவுன்கட் பலகையை மேலே தள்ளும், ஒரே உயரத்தில் காடி வராது. நேர் விளிம்பு பிட் வேலை செய்யும், ஆனால் காடியின் ஓரங்களில் பிசிறு கூடுதல். பிளைவுட் கனத்துக்கென்று விற்கும் குறை அளவு பிட்டுகள் நிலையான கீக்கு ஒத்துவராது.

அப்கட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று: மரத்தைக் கீழே இழுக்கும் அதே விசை, பிட்டை அதைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டிலிருந்து மேலே இழுக்கும். காலெட் அழுக்காகவோ தேய்ந்தோ இருந்தால் பத்துக் காடிக்குள் பிட் அரை மி.மீ. எழும்பிவிடும். விரல் நுனிகள் வரிசையாக நீண்டுகொண்டே போவது இதன் அறிகுறி. பிட்டை அடிவரை இறக்கிப் பிறகு 2 மி.மீ. தூக்கி முடுக்குங்கள். வெட்டும் நீளம் தேவைக்கு மேல் வேண்டாம். வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், ஆகவே நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. 1/4 அங்குல பிட்டுக்கு 12 மி.மீ. பலகை நல்ல எல்லை. 18 மி.மீ. பலகைக்கு 1/2 அங்குல விரலே பார்வைக்கும் பிட்டுக்கும் நல்லது. கெட்டி மரத்தில் பிட் திணறினால் எல்லாப் பலகையையும் பாதி உயரத்தில் ஒருமுறை வெட்டிவிட்டு, பிட்டை முழு உயரத்துக்கு ஏற்றி மறுபடி ஓட்டலாம்.

அமைப்பதும் வெட்டுவதும்

பிட் உயரம் பலகையின் கனத்தோடு 0.3 முதல் 0.5 மி.மீ. கூடுதல். நீட்டும் நுனியைப் பிறகு உப்புத்தாள் போட்டுச் சமன் செய்யலாம். குறைந்து நின்றால் பலகை முகம் முழுவதையும் இழைக்க வேண்டிவரும்.

அதே மரத்தின் துண்டுகளில் ஐந்தாறு காடி வெட்டி, விரலையும் காடியையும் வெர்னியரில் அளக்கவும். விரல் 6.45, காடி 6.35 என்றால், விரல் 6.28க்கு வர கீயை 0.17 பிட்டை நோக்கி நகர்த்த வேண்டும். வித்தியாசத்தில் பாதி நகர்த்தினால் போதும் என்று நினைப்பது தவறு. காடியின் அகலம் பிட்டால் வருவது, அது மாறாது. விரல் மட்டுமே மாறுகிறது. மூட்டு இறுகினால் கீ பிட்டை நோக்கி, தளர்ந்தால் பிட்டைவிட்டு விலகி.

நான்கு பலகையின் கீழ் ஓரத்திலும் குறி போடுங்கள். குறியுள்ள ஓரம்தான் எப்போதும் கீயைத் தொட வேண்டும், இரு முனைக்கும். எதிரெதிர்ப் பலகைகள் விரலில் தொடங்கும்: ஓரத்தைக் கீயில் முட்டவைத்து வெட்டவும். மற்ற இரண்டும் காடியில் தொடங்கும்: வெட்டி முடித்த பலகையை முகம் மாற்றித் திருப்பி, அதன் முதல் காடியைக் கீயில் இறக்கி, இரண்டாம் பலகையை அதன் ஓரத்தோடு ஒட்டி நிறுத்தி வெட்டவும். மூலையில் காகிதக் கனத்துக்கு ஒரு சிம்பு எஞ்சி நின்றால் முதல் பலகை கீயோடு சேர்ந்து அழுந்தவில்லை என்று பொருள்.

பிசிறுக்குப் பின்பலகை தீர்வு என்பது பாதி உண்மை. பின்முகத்தை அது காக்கும். ஆனால் கீழ் ஓரம் கீயிலேயே இருக்கும்படி பலகையைத் தலைகீழாக்கும்போது முகமும் மாறிவிடுகிறது; ஒரு முனையில் வெளிமுகம் பின்பலகையில் இருந்தால், மறுமுனையில் அது முன்னால் வந்துவிடும். முன்முகத்தில், காடியின் வலது ஓரத்தில், விளிம்பு மரத்தைவிட்டு வெளியேறும் இடத்தில் நார் கிழியும். அங்கே பலகைக் கனத்தின் உயரத்தில் கூரான கத்தியால் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிடுங்கள், அல்லது மூன்று மி.மீ. பிளைவுட் துண்டை முன்னாலும் சேர்த்துக் கிளாம்ப் செய்யுங்கள். பிளைவுட் பெட்டிக்கு இரண்டாவது வழியே நம்பகமானது.

வெட்டிய பிறகு ஸ்லெட்டைப் பின்னால் இழுக்கும்போதும் பலகையை அதே இறுக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் பிட் காடியின் சுவரை ஒரு மயிரிழை தின்னும்; அந்தக் காடி மட்டும் தளரும். பிட் ஃபென்ஸின் பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் ஒரு தடிமனான கட்டையை ஒட்டிவையுங்கள். தள்ளும் கையின் கட்டைவிரல் இயல்பாகப் போய் நிற்கும் இடம் அது.

காடி ஆழம் ஒழுங்கில்லாமல் வந்தால் பிட்டைப் பார்ப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்: பலகை முனைக்கும் ஸ்லெட்டுக்கும் நடுவே தூள் சிக்கியிருக்கிறதா, கீ அளவுக்கு மேல் இறுகிப் பலகையை அடிவரை உட்காரவிடாமல் தடுக்கிறதா, டேபிளில் ரவுட்டரைத் தாங்கும் இன்செர்ட் தகடு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா. தகட்டின்மேல் நேர்ச்சட்டம் வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பலகைக் கனம் மாறும் ஒவ்வொரு முறையும் பின்பலகைக்குப் புதுத் துண்டு போடுங்கள். பழைய உயரமான காடி பின்னால் திறந்திருந்தால் நாருக்கு அந்த இடத்தில் தாங்கலே இருக்காது.